ஏரி எங்கே போயிற்று?

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலை இருக்கிறது. அதன் பெயர் "லேக் வியூ ரோடு". ஏரியைப் பார்த்த சாலை என்று பொருள்.

அந்தச் சாலையில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். வீடுகள் தெரியும். கடைகள் தெரியும். ஆட்டோக்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஏரி மட்டும் தெரியாது!

நுங்கம்பாக்கத்துக்குப் போங்கள். அங்கே "டேங்க் பண்ட் ரோடு" இருக்கிறது. ஏரிக்கரைச் சாலை என்று அர்த்தம். கரையும் இல்லை; ஏரியும் இல்லை. பக்கத்திலேயே "லேக் ஏரியா" என்று ஒரு குடியிருப்பு. அங்கும் ஏரி இல்லை.

பெயர் இருக்கிறது. ஏரி போய்விட்டது.

ஏரியைத் தூர்த்துவிடலாம். மனை போட்டு விற்றுவிடலாம். ஆனால், அந்த ஏரிக்கு வந்து கொண்டிருந்த தண்ணீரை என்ன செய்வது? "ஏரி இல்லை, திரும்பிப் போ" என்று அதனிடம் சொல்ல முடியுமா?

மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வருகிறது. அங்கே நம் வீடு இருக்கிறது. கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுகிறது!

நகரங்களை எப்படி அமைப்பது என்று இன்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் முக்கியமான கேள்வி இதுதான்: மனிதனுக்கு இடம் ஒதுக்கும் நகரம், தண்ணீருக்கும் இடம் ஒதுக்க வேண்டாமா?

ஏரியில் எழுந்த நகரம்

தீபாவளிக்குப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்குப் போகாதவர்கள் உண்டா? ஜனக்கூட்டம் அலை மோதும் அந்தத் தியாகராய நகர், ஒரு காலத்தில் உண்மையாகவே அலை மோதிய இடம். அங்கே ஒரு ஏரி இருந்தது.

சாதாரண ஏரி அல்ல. நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி. அதனால்தான் வெள்ளைக்காரர்கள் அதை "லாங் டேங்க்" என்று அழைத்தார்கள். நீண்ட ஏரி!

1920-ம் ஆண்டுகளில் சென்னையில் ஜனத்தொகை பெருகியது. குடியிருக்க வீடு இல்லை. "ஏரியின் தண்ணீரை வடித்துவிட்டு வீடு கட்டுவோம்" என்று முடிவு செய்தார்கள். 1923-ல் வேலை தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயரைப் புதிய நகருக்குச் சூட்டினார்கள். நடுவில் பூங்கா, அதைச் சுற்றி அகலமான சாலைகள். அந்தக் காலத்துக்கு அது அருமையான நகர அமைப்புதான். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வயல்கள் குறைந்தன. ஏரிப் பாசனத்துக்கு வேலை இல்லை. குடும்பங்களுக்கு வீடு வேண்டியிருந்தது.

ஆனால், ஒரு ஏரியோடு நின்றார்களா? இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வேளச்சேரி ஏரி சுருங்கியது. ஏரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சில இடங்களில் அரசாங்கமே வீடு கட்டியது. சில இடங்களில் தனியார் மனை போட்டார்கள். சில இடங்களில் ஏழைகள் குடிசை போட்டார்கள். எல்லோருக்கும் ஏரி காலி இடமாகவே தெரிந்தது.

சங்கிலி அறுந்தது

ஏரி என்றால் வெறும் பள்ளம் என்று நினைக்கிறோம். நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை.

சென்னையைச் சுற்றியுள்ள செங்கற்பட்டுச் சீமைக்கு "ஏரி மாவட்டம்" என்று பெயர். அங்கே ஓர் ஏரி நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே வரும். அது கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரி. இப்படி ஏரிகள் சங்கிலி போல ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. கடைசியில் மிஞ்சுவதுதான் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும்.

மதகைத் திறக்கவும் மூடவும் ஊரில் ஓர் ஆள் உண்டு. அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். ஏரியைத் தூர் வாரவும், கரையைப் பலப்படுத்தவும் ஊரே திரண்டு வரும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? மேல் ஏரியின் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அது தெருவில் ஓடும். கீழ் ஏரிக்கு வரத்து இல்லை. அது காய்ந்து போகும். மேலே வெள்ளம், கீழே வறட்சி! ஓர் ஏரியை மூடினால் இரண்டு துன்பம்.

"எம்டன்" அழித்த கண்காட்சி

"ஏரிகளை மூடாதீர்கள்" என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொன்னார். அவர் தமிழர் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர். பெயர் பாட்ரிக் கெடிஸ். நகர அமைப்புக் கலையில் உலகப் புகழ் பெற்றவர்.

1914-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நகரங்களைப் பற்றிய படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் கண்காட்சி வைப்பதற்காக ஒரு கப்பலில் அனுப்பினார். அப்போது முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் "எம்டன்" இருக்கிறதே, அதே "எம்டன்" அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது! படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன.

கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் வேறு படங்கள் சேகரித்து அனுப்பினார்கள். 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு அவர் தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்த்தார்.

அந்த நாளில் சுகாதார அதிகாரிகளுக்கு ஏரி, குளம் என்றால் பிடிக்காது. "கொசு வளர்கிறது, மலேரியா வருகிறது, மூடுங்கள்" என்பார்கள். கெடிஸ் அதை ஏற்கவில்லை. குளத்தைச் சுத்தமாக வையுங்கள், மீன் விடுங்கள், மீன் கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்றார். குழாய்த் தண்ணீர் என்றைக்காவது நின்று போகலாம். அன்றைக்குக் கிணறும் குளமும்தான் கை கொடுக்கும் என்றும் எச்சரித்தார்.

1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகர அமைப்புச் சட்டம் வந்தது. கெடிஸின் எச்சரிக்கையோ ஏட்டில் இருந்தது. குளங்கள் மூடப்பட்டன.

ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. சென்னை மக்கள் மறக்க முடியாத நாள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியது. வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அது மட்டுமா? அடையாறு பிறப்பதே ஏரிகளின் மிச்சத் தண்ணீரில்தான். வழியில் உள்ள ஏரிகளும் நிரம்பி வழிந்தன. எல்லாத் தண்ணீரும் அடையாற்றில் பாய்ந்தது.

ஆறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் வெள்ளக்காடு. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றின் மேலேயே பாலம் போலப் போகிறது. அந்த நிலையமும் மூழ்கியது. சில நாட்கள் பயணிகள் விமானம் பறக்கவில்லை.

மீனவர்கள் கடலில் விடும் படகுகளைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். மாடிகளில் தவித்தவர்களை மீட்டார்கள். அந்த ஆண்டு மழையில் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் உயிர் இழந்தார்கள்.

நாலே ஆண்டில் தாகம்!

இத்தனை தண்ணீர் வந்த ஊரில், நாலு ஆண்டு கழித்து என்ன நடந்தது தெரியுமா?

2019-ம் ஆண்டு ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் வற்றிவிட்டன. வெள்ளம் புறப்பட்ட அதே செம்பரம்பாக்கத்தில் நிலம் வெடித்துக் கிடந்தது! தெருக்குழாயில் காற்று வந்தது. லாரி வந்தால் குடங்களோடு ஓட்டம். சில கம்பெனிகள், "வீட்டில் இருந்தே வேலை செய்யுங்கள்" என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டன.

ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ஒரு ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்கள். அவற்றில் பயணிகள் இல்லை. 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது!

கடல் தண்ணீரை நன்னீராக்கும் ஆலைகளும் கட்டியிருக்கிறோம். மீஞ்சூரில் 2010-ல் ஒன்று. நெம்மேலியில் 2013-ல் ஒன்று. இவை ஒவ்வொன்றும் நாளைக்கு 10 கோடி லிட்டருக்காகக் கட்டப்பட்டவை. நெம்மேலியிலேயே 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. நல்ல வேலைதான். ஆனால், வேடிக்கையைப் பாருங்கள். வானம் இலவசமாகக் கொடுக்கும் நல்ல தண்ணீரைக் கடலுக்கு விரட்டுகிறோம். பிறகு அதே கடலில் இருந்து பணம் கொடுத்துத் தண்ணீர் எடுக்கிறோம்!

ஒரு கிரவுண்டின் கணக்கு

சென்னையில் மழை குறைவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை. அப்படியானால் ஒரு கிரவுண்டில் விழுவது 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர்!

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. நாலு பேருக்கு ஆண்டு முழுவதும் 1 லட்சத்து 97 ஆயிரம் லிட்டர். விழும் மழை, தேவையை விட அதிகம்!

விழுந்த மழை முழுவதையும் பிடிக்க முடியாதுதான். அடுக்குமாடி வீடுகளில் ஒரே கிரவுண்டில் பல குடும்பங்கள் இருப்பதும் உண்மைதான். ஆனாலும் ஒன்று தெரிகிறது. நமக்குப் பஞ்சம் மழை அல்ல. பெய்த மழை தங்க இடம் இல்லை, அதுதான் பஞ்சம்.

சென்னையில் பெரும்பகுதி மழை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. மூன்று மாதத் தண்ணீரைப் பன்னிரண்டு மாதத்துக்கு வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஏரி.

பள்ளிக்கரணையின் கதி

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. நாணலும் சேறுமாகக் கிடக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். பார்ப்பவர்களுக்கு அது வீணான நிலம். உண்மையில் அது தென்சென்னையின் தண்ணீர்த் தொட்டி. சுற்றுப்புறத்து ஏரிகளின் மிச்சத் தண்ணீர் இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போகும்.

ஒரு காலத்தில் இது 12,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பையை இங்கே கொட்டினார்கள். சாலை போட்டார்கள். கட்டடங்கள் கட்டினார்கள். பிறகுதான் விழிப்பு வந்தது. 2022-ல் சுமார் 3,080 ஏக்கர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது.

தொட்டி சுருங்கினால் தண்ணீர் எங்கே போகும்? 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழை பெய்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. பணக்காரர் வீட்டுக் காரும் மிதந்தது; ஏழை வீட்டு அடுப்பும் மிதந்தது.

ஏழைகளின் கதை இன்னும் பரிதாபம். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை, "வெள்ள அபாயம்" என்று அப்புறப்படுத்தினார்கள். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். அவை எங்கே இருக்கின்றன? இதே சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில்! வேலைக்குப் போகும் இடம் தூரமாகிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீரோ பக்கத்தில் வந்துவிட்டது. நகர அமைப்பு என்பது வரைபடத்தில் கோடு போடுவது மட்டும் அல்ல. அந்தக் கோட்டின் மேல் குடும்பங்கள் இருக்கின்றன.

சிங்கப்பூர் செய்த காரியம்

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

தமிழும் ஆட்சி மொழியாக உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பிஷான் என்ற இடத்தில் ஒரு பூங்கா. அதை ஒட்டிக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் தூரம் நேரான சிமெண்டுக் கால்வாயில் ஓடியது. மழைத் தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்கு விரட்டுவதே அதன் வேலை.

அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்தார்கள். பூங்காவுக்குள் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். 2012-ல் வேலை முடிந்தது. இப்போது ஆற்றின் நீளம் 3.2 கிலோமீட்டர். சாதாரண நாளில் குழந்தைகள் கரையில் விளையாடுகிறார்கள். பெருமழை வந்தால் எச்சரிக்கை ஒலிக்கிறது. எல்லோரும் மேடேறி விடுகிறார்கள். பூங்காவே ஆறாக மாறித் தண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது.

ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் ஒரு விளையாட்டு மைதானம். 2013-ல் அமைத்தார்கள். அது தரையை விடத் தாழ்வாக இருக்கிறது. வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மழை நாளில் அதுவே குளம்! சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

சீனாவில் இதற்கு "ஸ்பாஞ்சு நகரம்" என்று பெயர். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு எப்படித் தண்ணீரை உறிஞ்சி, பிழிந்தால் கொடுக்கிறதோ, அப்படி நகரம் மழையை உறிஞ்சி வைத்துப் பிறகு கொடுக்க வேண்டும் என்பது திட்டம். 2015-ல் 16 நகரங்களில் தொடங்கினார்கள். ஆனால், ஸ்பாஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. இத்திட்டத்தில் பெரும் பணம் செலவிட்ட செங்சௌ நகரில், 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரம் மூழ்கியது. ஆகவே, இது மந்திரம் அல்ல. ஆனால், சாதாரண மழைக்கே மூழ்குகிற நிலை மாறும். பெருமழையிலும் சேதம் குறையும்.

இதைப் படிக்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? இதெல்லாம் நம் தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம்தானே! ஏரியும் தாங்கலும் வேறு என்ன?

நம்மால் முடியாதா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறோம்.

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கிணறுகளில் தண்ணீர் ஊறியதைப் பலர் கண்ணால் கண்டார்கள். ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டம் வந்தது. பாழாகிக் கிடந்த சேத்துப்பட்டு ஏரியைச் சீர்ப்படுத்தி 2016-ல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அங்கே படகு விடுகிறார்கள்.

2008-ல் வந்த சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் 1,189 சதுர கிலோமீட்டருக்கு உரியது. பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்த 2022-ல் உத்தரவு வந்தது. புதிதாகச் சேரும் இடங்களில் இன்னும் பல ஏரிகள் உயிரோடு இருக்கின்றன. மூன்றாவது பெருந்திட்டம் 2026 முதல் 2046 வரைக்கு உரியது. அந்த இருபது ஆண்டுகளில் இந்த ஏரிகள் தப்புமா, அல்லது அவையும் தெருப்பெயர் ஆகிவிடுமா என்பதே கேள்வி.

மனை வாங்கப் போகிறீர்களா?

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு புறம் இருக்கட்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு நிலம் வாங்கும் குடும்பங்கள் ஏமாறாமல் இருக்க வேண்டாமா? முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமக் கணக்கில் அது ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கா என்று பாருங்கள்.

2. புல வரைபடத்தைப் பாருங்கள். மனையின் குறுக்கே பழைய வாய்க்கால் போகிறதா என்பது தெரியும்.

3. மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

4. பக்கத்துத் தெருவில் உள்ள பெரியவர்களிடம், "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சுவரிலேயே கோட்டைக் காட்டுவார்கள்.

5. கோடையில் மட்டும் பார்க்காதீர்கள். மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

சொந்த வீடு இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. வாசல் முழுவதும் சிமெண்டு பூசாதீர்கள். கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள். மழைநீர்த் தொட்டியில் மண் அடைத்திருந்தால், ஐப்பசி பிறக்கும் முன் தூர் வாருங்கள். தெருக் கால்வாயில் குப்பை போடாதீர்கள்.

உங்கள் ஊரில் ஓர் ஏரி இன்னும் இருக்கிறதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டுங்கள். ஏரியைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளைக்கு யாராவது அதைத் தூர்க்க வந்தால் "ஏன்?" என்று கேட்கும்.

லேக் வியூ ரோட்டில் இனி ஏரியைப் பார்க்க முடியாது. மிச்சம் இருக்கும் ஏரிகளையாவது நம் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்!